மோடம் மேல ரெண்டு முட்டை

இல்ல தம்பி, உங்க மேல குத்தம் சொல்ல வரல. தொட்டியில வளக்கற அந்த ரெண்டு பல்லியும் பொண்ணுன்னு சொல்லித்தான் உங்க கடையில எம் பொண்ணுக்கு வித்தீங்க. ஒண்ணு ஆணாப் போச்சு. குட்டியா இருக்கறப்ப யாருக்குத் தெரியும்? அதுங்க நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? விடுங்க. இந்தாங்க டப்பா. மெதுவாத் தெறங்க, புள்ளி வெச்ச பக்கம் மேலயே இருக்கணும்.

அவ வீட்ட விட்டுப் போனப்ப துணிமணிய எடுத்துக்கிட்டா, பல்லிங்கள விட்டுட்டா. அவ கல்யாணத்துக்கு நான் போகல, அந்தக் கோவம். பதினாலு மாசம் ஒரு போன் கெடையாது. செவுத்துல பல்லியப் பாத்தா வெளக்கமாத்தத் தூக்கற ஆளு நான். இதுங்களுக்கு இடுக்கியால பூச்சி ஊட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

போன மாசம் தொட்டியக் கழுவப் போனா, மண்ணுக்குள்ள ரெண்டு முட்டை. ஓடுகூடக் கெட்டியா இல்ல, தோலு மாதிரி. என்ன பண்றதுன்னு தெரியாம போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பினேன். வேற யார்கிட்ட கேக்க? அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு. திருப்பிடாதம்மா, திருப்பினா உள்ள குஞ்சு செத்துரும்னா. அம்மான்னா, பாருங்க.

மேல்பக்கம் தெரியறதுக்குப் பென்சில்ல புள்ளி வெக்கச் சொன்னா. பென்சில் வழுக்கி ஒண்ணுல கோடாப் போச்சு. டப்பாவுல ஈர மண்ணு போட்டு இன்டர்நெட் மோடம் மேல வெச்சேன். எங்க வீட்டுல எப்பவும் சூடா இருக்கறது அது ஒண்ணுதான். சாயங்காலம் ஏழு மணியானா கூப்பிடுவா. எத்தன டிகிரி இருக்கு, மண்ணு காஞ்சிருக்கா, அவ்வளவுதான் பேச்சு. முந்தாநாள் மாத்திரை போட்டியான்னும் கேட்டா.

ம்? ஆமா, டார்ச் அடிச்சா உள்ள நரம்பு ஓடறது தெரியணும். இது வெறும் மஞ்சளா இருக்கு, பூஞ்சையும் புடிச்சிருக்கு. தெரியும் தம்பி. நாத்தம் வந்து பத்து நாளாச்சு. மோந்து பாத்தவ நான்தானே. அவகிட்ட மட்டும், அப்படியேதாண்டி இருக்கு, இருபத்தெட்டு டிகிரின்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

குப்பையில போட்டுருங்க. இல்ல, வேணாம், குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன்.

மணி ஆறரை ஆகப் போகுது, ஏழு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். நான் கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொட்டை மறுபடி எப்ப முட்டை போடும்?