டிபன் டப்பாவில் காபித்தூள்

காலை ஷிப்டுக்குப் போகும் மைன்ஸ் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு தொழிலாளிகள். ஜன்னலோரத்து கம்மாபுரத்துக்காரர் மடியில் ஒரு டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, சோத்தைக் காணோம், வேட்டித் துணியா இருக்கு?"

"அடிபட்டா கட்டறதுக்குண்ணே. வூட்ல வெந்நீர்ல போட்டு அலசிக் காய வெச்சுக் குடுத்தாங்க. போன மாசம் நம்ம செட்டு வேலு கால் கரி ஓடற பெல்ட்டுல மாட்டிக் கிழிஞ்சப்ப நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியே."

"அதான் ஒரு டப்பா காபித்தூளயும் காயத்துல அப்பினோமே."

"அத்தக் கழுவி எடுக்கறதுக்குள்ள டாக்டர் நம்மளத் திட்டித் தீத்துட்டாரு. மறந்துட்டியா? காயத்துல எதையும் தூவாத, சுத்தமான துணிய மடிச்சு வெச்சு, விடாம அழுத்திப் புடின்னாரு. அதுக்குத்தான் இத்தத் தூக்கிக்கினு வரேன்."

பக்கத்து ஆள் டப்பாவின் மூலையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார்.

"அடப்பாவி, இது காபித்தூள்தானே? மறுபடியுமா?"

"அது காயத்துக்கு இல்லண்ணே. வேலு இன்னிக்குத்தான் டூட்டிக்குத் திரும்பி வரான். இந்த வாட்டி டம்ளர்ல குடுப்போம்."