விட்டுக்கொடுப்பவள்

டிவியில் வரும் கிறிஸ்துமஸ் காதல் படங்களைக் கேலி பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. என் வீட்டில் அலமாரி நிறைய அந்தப் படங்களைப் பார்த்ததும் உங்களோடு வந்த இளைய அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், ஷெரிப். சிரிக்கட்டும். பெருநகரத்தில் வேலை பார்க்கிறவள் சொந்த ஊருக்கு வருவாள், பனியில் கார் மாட்டிக்கொள்ளும், கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் வந்து இழுத்துவிடுவான். அதற்குமேல் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளப் படத்தைப் பார்க்கவேண்டியதில்லை. தெரிந்த பிறகும் பார்க்கத் தோன்றுகிறதே, அதுதான் அதன் அருமை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவை எனக்குப் புளித்ததேயில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் படங்களில் யாரும் சாவதில்லை. சாகவேண்டியவர்கள் படம் தொடங்கும் முன்பே செத்துப்போய், கணப்புக்கு மேலே புகைப்படச் சட்டத்துக்குள் புன்னகைத்துக்கொண்டிருப்பார்கள். "இன்னொண்ணு போடுடி மார்லிஸ்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசிப் படத்தில் முத்தக் காட்சிக்குச் சற்று முன்னால் போய்விட்டாள். படத்தை முடித்துவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். நடுவில் நிறுத்த மனம் வரவில்லை.

நீங்கள் கர்ட் லிண்டாலைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். வருகிறேன்.

கர்ட்டோடு அவனுடைய கிறிஸ்துமஸ் மரப் பண்ணையில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். கோடையில் மரங்களுக்குக் கிளை கழித்து வடிவம் கொடுப்பதும், டிசம்பரில் கை விறைக்க அவற்றைக் கட்டி வண்டியில் ஏற்றுவதும் நான். எனக்கு மோதிரம் போட்டிருந்தான், கல்யாணத் தேதி மட்டும் குறிக்கவில்லை. 'அடுத்த வருஷம் விற்பனை நல்லா இருக்கட்டும்' என்பான். நானும் சரியென்று இருந்தேன். போன நவம்பரில் பிரிஜெட் ஆசன் சிகாகோவிலிருந்து வந்தாள், செத்துப்போன அப்பாவின் விடுதியை விற்பதற்கு. அவள் கார் எங்கள் பண்ணை வளைவில் பள்ளத்தில் இறங்கிவிட்டது. கர்ட் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். கட்டம்போட்ட சட்டைதான் போட்டிருந்தான். அது நான் தேய்த்துக் கொடுத்தது.

எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. ஊருக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. ஜோலீன் என் சிநேகிதி, முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். என் தலையை அலசிக்கொண்டே சொன்னாள், "ஏய், கர்ட்டு அந்தப் பொண்ண வண்டியோட இழுத்துட்டு வந்தானாமே! அப்படியே படம் மாதிரியே இருக்குடி!" நான் யார் என்பது அவளுக்கு அந்த நிமிடம் மறந்தே போயிருந்தது. ஊர்ச் சதுக்கத்து மரத்துக்கு விளக்குப் போட்ட அன்று, எல்லார் முன்னிலும் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். ஊரே கைதட்டியது. நான் கோக்கோ அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். கிழவர் ஒருவர் கோப்பையை நீட்டி, "கொஞ்சம் நெறைய ஊத்தும்மா" என்றார். ஊற்றினேன்.

கர்ட் மறுநாள் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். "உனக்கே தெரியும்ல மார்லிஸ். நாம ரெண்டு பேரும் ஒரு பழக்கத்துல இருந்துட்டோம், அவ்ளோதான். நீ நல்லவ. நீ புரிஞ்சுக்குவ."

படத்தில் கைவிடப்படுகிறவளுக்கு ஒரே ஒரு வசனம் கொடுப்பார்கள். அதையே சொன்னேன். "புரியுது கர்ட். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே அவனை வெறுத்தேன். படத்தில் அந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டு டாக்சியில் ஏறிப் போய்விடுவாள், அதற்குப்பின் யாரும் அவளைத் தேடுவதில்லை. எங்கள் ஊரில் டாக்சி கிடையாது. இருப்பது ஒரே மளிகைக்கடை. முட்டை வாங்கப் போனால் அவர்கள், ரொட்டி வாங்கப் போனால் அவர்கள். ஊரோடு ஒத்து வாழ் என்று வளர்க்கப்பட்டவள், சிரித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் என் வீட்டில் கூடிப் படம் பார்ப்பது வழக்கம். ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவருவார்கள், முதல் முத்தத்தை யார் கெடுப்பார்கள் என்று பந்தயம் கட்டுவோம். டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை ஜோலீன் பிரிஜெட்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் என் சோபாவில், அம்மா வழக்கமாக உட்கார்ந்திருந்த மூலையில், கால்களை மடக்கி உட்கார்ந்தாள். திரையில் கதாநாயகனின் பழைய காதலி வந்தபோது பிரிஜெட் பலகாரத்தைக் கடித்துக்கொண்டே, "இவ எப்போ தொலைவா? இவளப் பாத்தாலே கொட்டாவி வருது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். யாராவது ஒருத்தி என் பக்கம் சங்கடத்தோடு திரும்பியிருந்தால், நாம் இன்று இப்படி உட்கார்ந்திருக்கமாட்டோம் என்று நினைக்கிறேன். யாரும் திரும்பவில்லை. நானும் சிரித்தேன். அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன்.

தோர்சன் ஏரி உறைந்ததும் தீவுக்குப் பாதை போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்காமல் மிஞ்சிய கிறிஸ்துமஸ் மரங்களைப் பனிக்கட்டியில் துளைபோட்டு வரிசையாக நட்டுவைப்போம். பனிப்புழுதி கிளம்பினால் கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினாலும் தெரியாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வண்டியை ஓட்ட வேண்டியதுதான். பனிக்கட்டியைப் பார்க்காதே, மரத்தைப் பார் என்று இங்கே குழந்தைக்கும் சொல்லிக்கொடுப்போம். வருடாவருடம் கர்ட் மரங்களை இழுத்து வருவான், அளந்து நடுவது நான். இந்த வருடமும் ஊர்க்குழு என்னைத்தான் கேட்டது. வேறு யாருக்கும் தெரியாது. கேட்க அவர்களுக்குக் கூச்சமும் இல்லை.

அவர்கள் கல்யாணத்தைத் தீவுத் தேவாலயத்தில், பிப்ரவரியில் வைத்தார்கள். ஏரிமேல் கல்யாண ஊர்வலம் போனால் மணமக்கள் முதலில் கடப்பதும், விருந்தாளிகள் பின்னால் போவதும் எங்கள் வழக்கம். முதல்நாள் பிற்பகல் பாதையைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக் கயிறு கட்டி மூடினேன். நடுவழியில் ஒரு வரிசை மரங்களை அடியோடு அறுத்தெடுத்து, நீரோட்டத்தால் பனிக்கட்டி மெலிந்திருக்கும் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நட்டேன். துளையில் தண்ணீர் ஊற்றினால் அந்தக் குளிரில் சீக்கிரமே இறுகிவிடும். ஒளித்துச் செய்யவில்லை. மீன்பிடிக்க உட்கார்ந்திருந்தவர்கள் தூரத்திலிருந்து கையசைத்தார்கள். ஜோலீனின் கணவன் காபி கொண்டுவந்து கொடுத்தான். "அவன் கல்யாணத்துக்கு நீ பாதை போடுற. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. கடைசி மரங்களை அவன் போனபிறகு நட்டேன், அவன் கனத்த ஆள்.

கர்ட் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் போவதாக இருந்தான், பிரிஜெட்டின் ஆசைக்காக. காலையில் நான்தான் தடுத்தேன்.

"குதிரைக்குக் குளம்பு சரியில்ல கர்ட். டிரக்க எடுத்துக்கோ."

"ஆமாவா? நான் பாக்கவே இல்லையே."

"நீ எத்தனையத்தான் பாப்ப?"

சிரித்தான். பிரிஜெட் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "தேங்க்ஸ் மார்லிஸ், நீங்க இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது" என்றாள். குதிரையின் குளம்பில் ஒன்றுமில்லை. அது ஒரு பாவமும் செய்யாத பிராணி. நான் இங்கேயே இருக்கவேண்டி வந்தால் யாராவது அதற்குத் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள், வெதுவெதுப்பாகக் கொடுக்கவேண்டும்.

காற்று எழும்பியிருந்தது. விருந்தாளிகளைக் கரையோர ஊர்க்கூடத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டு, என் மோட்டார் பனிவண்டியில் டிரக்கின் பின்னால் கொஞ்ச தூரம் போய் நின்றேன். கர்ட் ஒவ்வொரு மரமாகப் பார்த்து, நிதானமாக ஓட்டிப் போனான். நட்டது நான் என்பதால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. ஏரிமேல் ஓட்டும்போது, பனிக்கட்டி உடைந்தால் வெளியே வர வசதியாக, சீட் பெல்ட் போடாமல், ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டுவது எங்கள் பழக்கம். அவன் பக்கம் இறக்கியிருந்தது. அவள் குளிர் தாங்காமல் தன் பக்கத்தை ஏற்றியிருந்தாள். உடைந்த சத்தம் பெரிதாக இல்லை.

அதற்குப்பின் வளைத்து நட்ட மரங்களையெல்லாம் அறுத்துப் போட்டேன். விருந்தாளிகள் வரும் வழி, அவர்கள்மேல் எனக்கு என்ன பகை? நான் கெட்டவள் இல்லை, ஷெரிப்.

என் பனிவண்டியில் கயிறும் ஏணியும் இருந்தன, அவற்றை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அவள் மேலே வரவேயில்லை. கர்ட் வந்தான். பனிக்கட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். பிரிஜெட் என்று கூப்பிடவில்லை. மார்லிஸ், மார்லிஸ் என்றுதான் கூப்பிட்டான். உதவிக்குக் கூப்பிட்டிருப்பான் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அவன் குரல் எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருதரம்கூட அவன் என்னை அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் அசையாமல் நின்று, அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.