கைகாட்டி

ஆறு பேர் சேர்ந்து மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புவதென்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே டீ குடிப்பது என்பதைத்தான். பெட்ரோல், டயரில் காற்று, மழைக்கோட்டு எல்லாம் அதற்கப்புறம். டீ தாமதமானால் பல் டாக்டருக்குக் கோபம் வரும். சீக்கிரம் வந்துவிட்டால் ஹார்ட்வேர் கடை அண்ணன் தம்பி இருவரும் சற்று நேரத்திலேயே ஒதுங்க இடம் தேடுவார்கள். இதையெல்லாம் யோசித்துத் திட்டம் போட ஓர் ஆள் வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த ஆள் நான். நிதானமாகக் கேட்பதாக நீங்கள் சொன்னதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன், ஐயா.

எனக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். கடையின் பின்னறையில்தான் எங்கள் கூட்டம் கூடும். சுவரில் எழுத்துப் பலகை தொங்கும். பெரிய எழுத்தில் ஆரம்பித்துச் சின்னதாகிக்கொண்டே போகும். பேச்சு சுவாரசியம் குறைந்தால் போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். நான் பேசும்போதுதான் அவர் அதிகம் படித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதற்காக அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

ஆறாவது ஆள் மாப்பிள்ளை. என் தங்கை கணவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவரைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டவனே நான்தான். வண்டி வாங்க வைத்தவனும் நான். "ஞாயித்துக்கிழமையானா சுருண்டு படுத்துக்கறாரு, எங்கயாவது கூட்டிட்டுப் போண்ணா," என்று தங்கை கேட்டாள். தங்கை சொல்லை நான் தட்டியதில்லை.

முதல் பயணத்தில் எனக்கு மட்டும் மாப்பிள்ளையாக வந்தவர், திரும்பி வரும்போது எல்லாருக்கும் மாப்பிள்ளையாகிவிட்டார். பல் டாக்டர் அவரை விட வயதில் இளையவர். அவரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். திறக்காவிட்டாலும், எப்போது திறப்பார் என்று பார்த்துச் சிரிப்பார்கள். டீக்கடை மேசையில் சிந்திய டீயை விரலால் தொட்டு என் முகத்தை வரைவார். மூக்கை மட்டும் கொஞ்சம் நீட்டிவிடுவார். ஒரு நொடியில் ஈ வந்து என் மூக்கில் உட்காரும். நானும் சிரித்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று குறட்டை. தங்கும் இடத்தில் இரண்டு பேருக்கு ஓர் அறை என்று மூன்று அறைகள் எடுப்போம். "சொந்தக்காரங்க ஒண்ணா படுத்துக்கங்க," என்று அவரை என் தலையில் கட்டிவிடுவார்கள். படுத்ததும் ஆரம்பிக்கும். பழைய லாரியை மேட்டில் ஏற்றுவது போல இழுத்து இழுத்து, சரி ஏறிவிட்டது என்று நாம் கண்ணை மூடும்போது மறுபடியும் கீழேயிருந்து வரும். காலையில் எழுந்து, "மச்சான், ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று அக்கறையாக வேறு கேட்பார்.

இன்னொரு குறை கண். தூரத்துப் பலகை அவருக்குத் தெரியாது. நான் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி செய்து கொடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் உறுத்துகிறது என்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். இது எனக்கு மட்டும்தான் தெரியும். கண்டித்துப் பார்த்தேன். "போர்டு படிக்கறதுக்கா வண்டி ஓட்டறேன்? வழி சொல்ல நீங்க இருக்கீங்களே மச்சான்," என்றார். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

இப்போது எங்கள் ஓட்டும் முறையைச் சொல்ல வேண்டும். முன்னால் பல் டாக்டர் போவார். திருப்பம் வந்தால், அவருக்கு அடுத்து வருபவர் அங்கே இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுவார். எல்லாரும் போன பிறகு கடைசி வண்டி வரும். அதற்கு வால் என்று பெயர். வால் இரண்டு முறை ஹாரன் அடித்தால், இனி யாரும் இல்லை, நீயும் கிளம்பு என்று அர்த்தம். நின்றவர் கிளம்பி வந்து சேர்ந்துகொள்வார். இந்த முறையில் ஒரே ஒரு சட்டம்தான்: கை காட்டினால் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்க ஒருவர் நின்றால் பின்னால் வருகிறவர் அவர்மேல் மோதுவார். சட்டம் போட்டவன் நான்.

வாலாக வருவதும் எப்போதும் நான்தான். சிரிக்காதீர்கள், ஐயா. முன்னால் போவது பெருமை என்று நினைப்பார்கள். முன்னால் போகிறவருக்குச் சாலைதான் தெரியும். வாலுக்குத்தான் எல்லாருடைய முதுகும் தெரியும். யார் களைத்துவிட்டார், யார் வண்டியின் சங்கிலி தளர்ந்திருக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எல்லாரும் பத்திரமாக வந்தாயிற்று என்று கடைசியில் போய் நிறுத்தும்போது, ஐந்து முகமும் என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும்.

இந்த மலைப் பயணத்துக்கான கூட்டத்தில், நான் வழியை விளக்கி முடித்ததும் பல் டாக்டர் சொன்னார்: "இந்தத் தடவை வாலா மாப்பிள்ளை வரட்டுமே. உங்களுக்கும் ஒரு ரெஸ்ட்."

"ஆமாங்க, அவர் பின்னாடி வந்தா தைரியமா இருக்கும்," என்றார் ஹார்ட்வேர் அண்ணன். தம்பி தலையாட்டினார். ஸ்டுடியோக்காரர் எழுத்துப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டு, "சூப்பர்," என்றார்.

"அப்ப மச்சான் இனிமே கைகாட்டி மரமா?" என்றார் மாப்பிள்ளை. எழுந்து நின்று, விறைப்பாக ஒரு கையை நீட்டி, முகத்தை என்னைப் போலவே உம்மென்று வைத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரருக்குப் புரையேறிவிட்டது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாகத்தான் செய்தார், நானே ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து என்னைக் கைகாட்டி என்றே கூப்பிட்டார்கள். போனில் கூட, "கைகாட்டி, எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்றார்கள். தங்கை வீட்டுக்குப் போனால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேலி பேசுவதெல்லாம் மாப்பிள்ளை முறைக்கு உள்ள உரிமைதான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

எந்தப் பயணமானாலும் முன்கூட்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் வழியைப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். போனேன். மலை ஏறி இறங்கும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் புதுச் சாலை. இடப்பக்கம் பழைய சாலை. அது ஒரு வளைவு தாண்டி ஆற்றுப் பாலத்துக்குப் போகிறது. பாலத்தின் நடுப்பகுதியை வெள்ளம் எப்போதோ கொண்டுபோய்விட்டது. எச்சரிக்கைப் பலகை ஒன்று இருக்கிறது, எழுத்து கொஞ்சம் சின்னது. அதற்கப்பால் குறுக்கே ஒரு காலி டிரம்மை வைத்திருந்தார்கள். எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்ப்பதற்காக டிரம்மை ஓரமாக உருட்டிவிட்டேன். உருட்டும்போது இல்லாத முதுகுவலி, திருப்பி வைக்கலாம் என்று குனிந்தபோது வந்துவிட்டது. என் வயதில் முதுகு விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

கூட்டத்தாரிடம் இதைச் சொல்லவில்லை. நாம் போகாத சாலையைப் பற்றிச் சொல்லி யாரையும் பயமுறுத்துவானேன்?

பயணத்தன்று வானம் வெளுப்பாக இருந்தது, வெயில் இல்லை. எல்லாரும் உற்சாகமாக இருந்தார்கள். சாலை பிரியும் இடம் வந்தபோது பல் டாக்டருக்கு அடுத்து நான் இருந்தேன். அதற்குச் சற்று முன்னால்தான் ஸ்டுடியோக்காரரை முந்தியிருந்தேன். அவர் ரொம்ப மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். முறைப்படி நான் இறங்கி நின்றேன். ஸ்டுடியோக்காரருக்கு வலப்பக்கம் கை காட்டினேன். ஹார்ட்வேர் அண்ணனுக்குக் காட்டினேன். தம்பிக்குக் காட்டினேன். மூன்று பேரும் கேள்வி கேட்காமல் போனார்கள்.

பிறகு மாப்பிள்ளை வந்தார்.

என் கை இடப்பக்கம் போனது. நான் காட்டினேன் என்று சொல்ல மாட்டேன். கை போனது. அதுவரை எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. அவர் வேகத்தைக் குறைத்து, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "மச்சான், கை வலிக்கலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிப் போனார். வண்டிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. வளைவு தாண்டினால் சத்தம் கேட்காதுதான்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. முன்னால் அவர்களுடைய முதுகுகள் தெரிந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

டீக்கடையில் நான் போய் நிறுத்தியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை எங்க?" என்றார் பல் டாக்டர்.

"போன் வந்துச்சு. தங்கச்சிதான் போல. பேசிட்டு வருவாரு."

அன்றைக்கு டீ நன்றாக இருந்தது. வெகுநேரம் ஆகியும் ஆள் வராமல் போனதும் எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நான்தான் உட்காரவைத்து, யார் எந்தச் சாலையில் தேடுவது என்று பிரித்துக் கொடுத்தேன். பழைய சாலையை எனக்கு வைத்துக்கொண்டேன். "நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணியிருப்போம்," என்று ஹார்ட்வேர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். கைகாட்டி என்று ஒருவரும் கூப்பிடவில்லை. ஆற்றில் மீன் பிடிக்க வந்தவர்கள் மறுநாள் சொல்லித்தான் நீங்கள் வந்தீர்கள். அவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எனக்குக் காட்டினீர்கள். ஒரு கீறல் இல்லை. நான் எப்போதும் நல்ல சரக்குத்தான் போடுவேன்.

தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். "கடைசியா அவரைப் பார்த்தது நீதானேண்ணா. என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். கை வலிக்கலையா என்று கேட்டார் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். "அவர் அப்படித்தான்," என்றாள். எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை, ஐயா. ஒரு மனிதனாக எனக்கு அவரைப் பிடிக்கும்.

நாங்கள் ராத்திரி தங்கவிருந்த லாட்ஜ்காரர் உங்களிடம் சொன்னதும் உண்மைதான். வழக்கமாக இரண்டு பேர் படுக்கும் அறை மூன்று சொல்லுவேன். இந்தத் தடவை அப்படிப்பட்ட அறை இரண்டும், எனக்கு ஒற்றைக் கட்டில் அறை ஒன்றும் சொல்லிவைத்தேன். பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேனே, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே போன் செய்துவிட்டேன். திட்டம் போடுகிறவன் ஒரு கட்டில் வீணாகக் கிடக்கும்படி விடக் கூடாது இல்லையா?

மற்றபடி, கை தானாகத்தான் போனது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.