கேமரா எட்டாத சந்து

மின்விசிறியைச் சற்றுக் குறைத்து வைத்தால் நல்லது, ஐயா. எட்டு வருடமாகத் திரை முன்னால் உட்கார்ந்து என் கண் காய்ந்துபோயிருக்கிறது. காற்று பட்டால் நீர் வடிகிறது. நான் அழுதேன் என்று எழுதிவிடப் போகிறார்கள்.

என் பெயர் அருளப்பன். நகரக் கண்காணிப்பு மையத்தில் ஒப்பந்தப் பணியாளன். திண்டுக்கல்லில் எங்கள் பொறுப்பில் நூற்றுப் பன்னிரண்டு கேமராக்கள்; அவற்றில் முப்பத்தொன்பது பேகம்பூரில். அங்கே மட்டும் ஏன் இத்தனை என்று என் மனைவி சகாயராணி ஒருமுறை கேட்டாள். அங்குள்ள கம்பங்கள் நல்ல உறுதியானவை என்று எங்களுக்கு மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அதையே அவளுக்கும் சொன்னேன்.

எனக்கு யார் மீதும் பகை கிடையாது. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், எந்தப் பெண் வேடசந்தூர் மில் பஸ்ஸை இன்றும் தவறவிட்டாள், எல்லாம் தெரியும். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஊரையே தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற நிம்மதி அது.

நூர் அகமது பாயை இரண்டு வருடமாகப் பார்த்துவந்தேன். செருப்பும் பெல்ட்டும் விற்கிற தோல் கடைக்காரர், அறுபதை நெருங்கியவர். ஏழாம் நம்பர் கேமரா அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. செருப்பு மாட்டிவிடக் குனிந்தால், எழும்போது முழங்காலில் கை ஊன்றுவார். சரியாக ஒரு மணிக்கு மேசை டிராயரைத் திறந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார். மாலையில் அஸர் தொழுகை முடித்துத் திரும்புகிற வழியில், பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் ஒரு சந்துக்குள் நுழைவார். அங்கே கேமரா இல்லை. ஒன்பது நிமிடம் கழித்து வெளியே வருவார்.

அந்த ஒன்பது நிமிடம் என்னை உறுத்தியது. ஒரு மனிதரின் நாள் மொத்தமும் கையில் இருக்கிறது, இது மட்டும் இல்லை. ஒரு விடுமுறை நாளில் நானே போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுவர், உடைந்த தண்ணீர்த் தொட்டி, ஒரு பூனை. தரையில் சிகரெட் துண்டுகள் கிடந்தன. சந்து என்றால் கிடக்கத்தானே செய்யும். அங்கே ஒரு கேமரா வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் டீக்கடையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய், தெனமும் அந்தச் சந்துக்குள்ள போறீகளே, என்ன சோலி?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க யாரு தம்பி?"

"சும்மா... பாத்தேன்."

"பாத்தீகள்ல, அம்புட்டுத்தான். ஒரு மனுசன் செத்த நேரம் தனியா நிக்கப்பிடாதா?"

கோபமாகச் சொல்லவில்லை. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். மறைக்க ஒன்றும் இல்லாதவர் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான் இரண்டு வருடம் கூடவே இருந்தவன்.

நவம்பர் மாதப் பதிவு ஒன்றில், தோளில் கறுப்புப் பை மாட்டிய ஓர் ஆள் அந்தச் சந்துக்குள் போவது இருந்தது. அதை எடுத்து, மார்ச் மாதத்தில் பாய் உள்ளே போகிற காட்சிக்கு முன்னால், ஒரே நாளில் நடந்ததுபோலச் சேர்த்தேன். பொய் என்று சொல்ல முடியாது. அந்த ஆள் உண்மை, பை உண்மை, சந்தும் உண்மை. தேதியை மட்டும் மாற்றினேன். ஒரு கேமரா கிடைக்கட்டும் என்றுதான் மேலே அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரை விசாரணைக்குக் கூட்டிப்போகப் போலீஸார் வந்தார்கள். ஏழாம் நம்பரில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டிராயரைத் திறக்கப் போனார். வந்தவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் நியாயம்தான், உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தொலைபேசி என் கையருகில்தான் இருந்தது. ஆனால் படம் அனுப்புவது மட்டும்தான் எங்கள் பிரிவின் வேலை.

அன்று ஒரு மணிக்கு ஏழாம் நம்பரைப் பார்த்தேன். ஷட்டர் மூடியிருந்தது. மறுநாள் ஒரு மணிக்கும் பார்த்தேன். சனிக்கிழமை காலை விசாரணை அறையிலேயே அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். இதயமாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன்.

என் பிசகு ஒன்றுதான். நவம்பர் படத்தில் தெரு மழையில் நனைந்திருந்தது. மார்ச்சில் ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது. கோர்ட்டு மூலம் பதிவை வாங்கி அதைக் கண்டுபிடித்தது அவருடைய மகள் ஹுஸ்னா. நல்ல கவனமுள்ள பெண். எங்கள் மையத்துக்கு அப்படிப்பட்டவர்கள்தான் தேவை.

அந்தச் சந்தில் இப்போது கேமரா இருக்கிறது, நூற்றுப் பதின்மூன்றாவது. படம் மிகத் தெளிவு. ஒருவரும் உள்ளே போவதில்லை.

நேற்று இந்த விசாரணை அலுவலக வராந்தாவில் பாயின் மனைவி நஜ்முன்னிசா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நெஞ்சு ஆபரேசனுக்குப் பொறவு சிகரெட்ட விட்டுட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு. அந்தச் சந்துல நின்னு தெனம் ஒண்ணே ஒண்ணு குடிச்சிட்டு, ஏலக்காய மென்னுக்கிட்டு வருவாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சதாக் காட்டிக்கலை. அந்த மனுசனுக்குன்னு அது ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்," என்றார். பிறகு, "இதைத் தெரிஞ்சுக்கத்தானே இம்புட்டும் பண்ணீக. தெரிஞ்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. உட்கார்ந்து யோசித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. தேதியை மாற்றியது நான்தான், ஐயா. மாத்திரை எங்கே இருக்கிறதென்று தெரிந்தும் இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் தேடிய தகவல் ஆரம்பத்திலிருந்தே அந்த அம்மாவிடம் இருந்திருக்கிறது. வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாய் இன்றைக்குக் கடையில் இருந்திருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.