கடைசிப் பத்து நிமிடம்

என்மேல் ஆயிரம் குறை சொல்லலாம். ரிப்போர்ட் எழுதத் தெரியாதவன் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இன்ஸ்பெக்டர் மேடம் என் வாக்குமூலத்தை ரைட்டரிடம் சொல்லச் சொன்னபோது, நானே எழுதித் தருகிறேன் என்றேன். ரைட்டர் நல்ல மனிதர்தான். ஆனால் தேதி போடாமல் விஷயத்தை எழுத ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு அது ஆகாது. இப்படி எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று வக்கீல் சொன்னார். செல்லாவிட்டால் போகட்டும், சரியாக இருக்க வேண்டும்.

என் பெயர் வைத்திலிங்கம். சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். குடிகாடு கிராமத்தை ஒட்டியிருக்கும் ஒரு ரசாயனக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சேஃப்டி ஆபீசர். 2005 முதல் கம்பெனியின் பாஸ்கெட்பால் டீமுக்கும் நான்தான் மேனேஜர். பந்தை ஒருநாளும் கையால் தொட்டவனில்லை. ஆனால் அந்த டீம் ஏன் தோற்றது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது.

டீம் ஆரம்பிக்கும் யோசனையே என்னுடையது. அந்த வருடம் ஊர்க்காரர்கள் வாடை அடிக்கிறது, குழந்தைகள் இருமுகிறார்கள் என்று அடிக்கடி கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றார்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார் ஜி.எம். கோயிலுக்குத் தகரக் கொட்டகை போடலாம் என்று ஒருவர் சொன்னார், இலவசக் கண் பரிசோதனை என்று இன்னொருவர் சொன்னார். நான் பாஸ்கெட்பால் டீம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் விளையாடுவதுதான் வேலை, மாதச் சம்பளம் உண்டு, ஒன்பது பேர் குடிகாட்டிலும் பக்கத்திலும் எடுக்கும் பையன்கள் என்று விளக்கியபோது சிரிப்பு நின்றது. பிள்ளை உள்ளே சம்பளம் வாங்கும்போது தகப்பன் வெளியே நின்று கத்தமாட்டான்.

சிமெண்டுத் தரை போட்டு, பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி கிரவுண்டு அமைத்தோம். பயிற்சி தினமும் மாலை ஐந்தரைக்கு. புகார் என்று எந்த அதிகாரி வந்தாலும் நான் அவரை நேராக அங்கேதான் அழைத்துப் போவேன். பன்னிரண்டு பேர் வாயைப் பிளந்து மூச்சு வாங்கி ஓடிக்கொண்டிருப்பார்கள். காற்று கெட்டுப்போயிருந்தால் இப்படி ஓட முடியுமா சார் என்று கேட்பேன். ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். கம்பெனி காலண்டரில்கூட அந்தப் படத்தைப் போட்டோம்.

முதல் இரண்டு வருடம் நன்றாகவே ஆடினார்கள். மாவட்டத்தில் கோப்பை வாங்கினார்கள், மாநிலப் போட்டியில் அரையிறுதி வரை போனார்கள். 2007-லிருந்து சரிவு. ஆட்டத்தில் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி உண்டு. மூன்று பகுதி வரை நம் பையன்கள் முன்னால் இருப்பார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் கால் இழுக்கும், கை தொங்கும், சின்னக் கல்லூரி டீம்கூட ஏறி மிதித்துவிட்டுப் போகும். 2008 கடைசியில் ஜி.எம். என்னைக் கூப்பிட்டு, டீம் ஏன் தோற்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு ரிப்போர்ட் கேட்டார். அடுத்த வருடமும் இப்படியே போனால் டீமைக் கலைத்துவிடுவதாகச் சொன்னார்.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. என் உத்தியோகத்துக்கு அது தேவை. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். அன்பரசு சிகரெட் பிடிப்பான் என்று கேள்வி. இரண்டு வாரம் அவன் பின்னாலேயே போனேன். முதுநகர் டீக்கடையில் அவன் பிடித்தது மொத்தம் மூன்று சிகரெட். குளுக்கோஸ் தண்ணீரில் யாராவது எதையாவது கலக்கிறார்களா என்று பாட்டிலை எடுத்துப்போய் எங்கள் லேபில் பார்த்தேன். குளுக்கோஸ்தான் இருந்தது. கேப்டன் சேரன் சென்னை பேங்க் டீம் ஒன்றுக்குப் போகப் பார்க்கிறான், அதற்காக வேண்டுமென்றே தோற்கிறான் என்றும் நினைத்தேன். அவன் பையைச் சோதித்தேன். ஒரு துண்டு, ஒரு முட்டிப் பட்டை, நாற்பது பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டை அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

கோச் தேவசகாயத்தின் மேலும் சந்தேகம் இருந்தது. சிதம்பரத்துக்காரர். ரயில்வேக்கு ஆடியவர். அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களை நான் நம்புவதில்லை. அந்த டிசம்பரில் கிரவுண்டுக்குச் சிமெண்டு பூசும் வேலை இருந்ததால், பையன்களைப் பத்து நாள் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் ஒரு கல்லூரி மைதானத்தில் பயிற்சி கொடுத்தார். அங்கிருந்து நேராக நெய்வேலிப் போட்டிக்குப் போனார்கள். நான்கு ஆட்டம், நான்கிலும் வெற்றி. கடைசிப் பகுதியில்தான் அதிகப் பாயிண்ட். திரும்பி வந்து மூன்று வாரத்தில் விழுப்புரத்தில் பழையபடி தோல்வி.

தேவசகாயம் என் அறைக்கு வந்து உட்காராமலே பேசினார்.

"பசங்ககிட்ட ஒண்ணும் கொறை இல்ல சார். இந்த எடத்துக் காத்துலதான் என்னமோ இருக்குது. கிரவுண்ட மாத்துங்க, இல்லனா டைமையாவது மாத்துங்க. காலையில ஆறு மணிக்கு வெக்கிறேன்."

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தேன். பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நல்ல கோச்தான். ஆனால் வேலையை விட்டுவிட்டு வேறு விஷயத்தில் மூக்கை நுழைத்தார்.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்ல வேண்டும். எங்கள் கலன்களில் உற்பத்தி முடிந்ததும் கொஞ்சம் ஆவி மிஞ்சும். அதை வெளியே விடும் முன் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு கருவி உண்டு. 2006 கடைசியில் அது பழுதானது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை உற்பத்தியை நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஆவியைக் கழுவாமலே விட்டோம். ராத்திரியில் விட்டால் ஊர் எழுந்து வந்துவிடும். பகலில் விட்டால் ஆபீசர்கள் இருப்பார்கள். மாலை ஐந்தரைக்குக் கடல்காற்று ஏறும், ஆவி ஊருக்குள் இறங்குவதற்குள் பாதி கலைந்துவிடும். வால்வைத் திறக்கும் நேரத்தை முடிவு செய்தது நான். அதிகாரி யாராவது வரும் நாளில் திறப்பதில்லை. குழாய் வாய் பின்பக்கச் சுவருக்கு மேலே இருக்கிறது. சுவருக்கு அந்தப்புறம் கிரவுண்டு.

இது தெரிந்தும் ஏன் சிகரெட்டையும் குளுக்கோஸையும் தேடினீர்கள் என்று மேடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரிப்போர்ட் என்றால் எல்லாக் காரணத்தையும் பார்க்க வேண்டும். இன்னொரு காரணம் கிடைத்திருந்தால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டை நான் முடித்துக் கொடுத்தேன். தோல்விக்குக் காரணம் ஒழுக்கக் குறைவும் போதிய பயிற்சியின்மையும். பரிந்துரை, மாலைப் பயிற்சியை ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமாக உயர்த்துவது. ஜி.எம். அதன் ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மார்ச் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

பத்து நாள் கழித்து சேரன் வந்தான். இருபத்து மூன்று வயது, ஆறடி மூன்று அங்குலம், வாசலில் குனிந்துதான் நுழைவான். அந்த நாற்பது பக்க நோட்டை மேஜைமேல் வைத்தான். இரண்டு வருடமாக ஒவ்வொரு பயிற்சி நாளும் எழுதியிருந்தான். யாருக்கு எத்தனை மணிக்கு இருமல் வந்தது, யார் வாந்தி எடுத்தான், எந்த நாளில் எதுவும் ஆகவில்லை. அவன் எதிரிலேயே அலமாரியைத் திறந்து என்னுடைய வால்வுப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தேதிக்குத் தேதி பொருந்தியது. அவன் எழுத்து சுத்தமாக இருந்தது. என்னிடம் வேலை செய்த ஒருவரும் அவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்ததில்லை.

"எங்கம்மா ரா முழுக்க இருமுது சார்," என்றான். "யார்கிட்ட சொன்னாலும், உம் புள்ளயே அங்கதான ஓடுறான்னு கேக்குறாங்க. நாங்க ஓடுறதக் காட்டித்தான் ஊரு வாய அடைக்கிறீங்க. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். ஒங்ககிட்ட சொல்லாம செய்யக்கூடாதுன்னுதான் வந்தேன்."

மரியாதையான பையன். அதை நான் இன்றும் மறுக்கமாட்டேன். எழுந்து போகும்போது ஒன்று கேட்டான். "ஒங்க பையன் தமிழ்மணியும் நல்ல ஒயரம். அவன ஏன் சார் ஒரு நாளும் நம்ம கிரவுண்டுக்கு அனுப்பல?" அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. கடைசியில் சொல்கிறேன்.

அது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை, மார்ச் பதின்மூன்றாம் தேதி, டீமுக்கு ஓய்வு கொடுத்தேன். சேரனை மட்டும் வரச் சொன்னேன். விழுப்புரத்தில் அவன் ஐந்து ஃப்ரீ த்ரோ தவறவிட்டிருந்தான். கோட்டில் நின்று கூடையில் இருநூறு போடு, முடித்துவிட்டு வா, திங்கட்கிழமை நானே உன்னோடு கலெக்டர் ஆபீசுக்கு வருகிறேன் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றதும் கொடுத்துவிட்டான்.

வழக்கமாக வால்வை ஒரு சுற்று திறப்போம். மிஞ்சிய ஆவி மெதுவாகப் போகும். அன்று மூன்று கலன்களில் இரண்டு நாள் ஆவியைத் தேக்கி வைத்திருந்தேன். ஐந்தே முக்காலுக்கு ஆபரேட்டரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நானே போய் முழுதாகத் திறந்தேன். பிறகு என் அறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் இருமல் வந்தது, பந்து நின்றது, மறுபடி கேட்டது. சொன்ன எண்ணிக்கையை முடிக்காமல் போகிறவனில்லை, அது எனக்குத் தெரியும். நூற்று நாற்பத்தாறுக்குப் பிறகு சத்தம் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்து வால்வை மூடினேன். ஏழு மணிக்கு வாட்ச்மேன் கலியமூர்த்தி பார்த்துக் கத்தினார். ஆம்புலன்சுக்கு போன் செய்ததும் நான்தான்.

டாக்டர் முதலில் இதயக் கோளாறாக இருக்கலாம் என்றார். நல்ல உடம்புக்காரர்களுக்கும் இப்படி வருவதுண்டாம். கம்பெனி மாலை வைத்தது. சேரனின் அம்மா ராசம்மாள் என்னைப் பார்த்து அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் மனுவோடு இணைப்பதற்காக நோட்டு முழுவதையும் இன்னொரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். நான் எல்லோரையும் சந்தேகப்பட்டவன், நோட்டு ஒன்றுதான் என்பதை மட்டும் சந்தேகப்படாமல் விட்டேன். ராசம்மாள் அதைத் தேவசகாயத்திடம் கொடுத்தார், அவர் உங்களிடம் கொண்டுவந்தார் மேடம். நீங்கள் என் பதிவேட்டோடு ஒப்பிட்டீர்கள். பதின்மூன்றாம் தேதிக்கு நேராக 'முழுத் திறப்பு, 5.45 முதல் 6.40 வரை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். பதிவேட்டில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை மேடம்.

ஆக, சேரனைக் கொன்றது நான். மற்ற பதினொரு பேரின் வேலையும் ஊரின் நிம்மதியும் அந்த நோட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருவன் போதும் என்று கணக்கிட்டேன். டீம் இப்போது கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதற்கு வருத்தப்படுகிறேன்.

சேரனுக்குத் தராத பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். தமிழ்மணியை நான் 2007 ஜனவரியில் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்த்தேன். படிப்புக்காகத்தான். வாடைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. விடுமுறைக்குக்கூட அவனை இங்கே வரச் சொல்வதில்லை, நானும் அவன் அம்மாவும்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அங்கே பள்ளி டீமில் ஆடுகிறானாம். கடைசிப் பத்து நிமிடத்திலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறான் என்று அவனுடைய மாஸ்டர் சொன்னார். அதைக் கேட்டபோது, பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.