சுண்டுவிரல் நீளக் காயம்

பாருங்க தம்பி, உங்க கட்டில்ல இருந்தே பாருங்க! ஆபரேஷன் பண்ணுன காலு, இதுக்குப் பேரு காயமா? சுண்டுவிரல் நீளங்கூட இல்ல. குதிகால் எலும்பு நாலு துண்டா நொறுங்கிக் கெடந்துச்சு தம்பி, நாலு துண்டு! காலைப் பொளந்து இருபது தையலாவது போடுவாங்க, அத வச்சு ஒரு பத்து வருஷம் சொல்லிக் காட்டலாம்னு இருந்தேன்... ஹூம்.

யாருக்கா? அந்தா, நாற்காலில பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருக்காரே, என் சம்சாரத்தோட தம்பி, அவருக்குத்தான். நாங்க பேசி ஆறு வருஷமாச்சு. கேக்கட்டுமே! நான் உங்ககிட்டதானே பேசுறேன்.

எதனாலயா? அவரு வீட்டுக் கல்யாணம். போட்டோ எடுக்கையில, "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க"ன்னாரு. தள்ளுனேன். போட்டோல எனக்கு ஒரு காது, ஒரு கண்ணு, அவ்வளவுதான்! அத ஹால்ல வேற மாட்டியிருக்காரு.

இப்ப இது. நாப்பது வருஷமா பெயின்டர் நான், ஏணியில இருந்து ஒரு நாளும் விழுந்ததில்ல. என் வீட்டு மாடிப்படிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இவரா வந்தாரு, ஏணியப் புடிச்சாரு, பாதியில விட்டுட்டாரு! ஏணி சறுக்கி, ரெண்டாள் உயரத்துல இருந்து நேரா குதிகால்ல எறங்குனேன்.

ஏன் விட்டாரா? அது... வந்து... நான்தான் சம்சாரத்துகிட்ட, "ஏணியில இருந்து கைய எடுக்கச் சொல்லு"ன்னேன். சொன்னா உடனே எடுத்துரணுமா தம்பி?

உங்களுக்கும் இதே ஆபரேஷன்தானே? மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு? அட, பயப்படாதீங்க! முதுகுல ஒரு ஊசி. டிவி மாதிரி ஒண்ணுல எக்ஸ்ரே தெரியும். அதப் பாத்துக்கிட்டே, சின்ன ஓட்டை வழியா கம்பிய விட்டு, துண்டையெல்லாம் நெம்பி எடத்துல உக்கார வச்சு, ஸ்க்ரூ முடுக்கிருவாங்க. அம்புட்டுத்தான். ஆனா நிறைய வாரம் கால தரையில ஊனக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட ஒருத்தர் தாங்கிப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். எனக்கா? ...அவருதான். மூணு நாளா. வாயே தொறக்காம.

அடடே, உங்களக் கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. தைரியமா போங்க தம்பி! காயம் பெருசா வேணும்னு கேட்டுப் பாருங்க, ஹஹ்ஹா...

ம்.

...இனி இங்க யார்கிட்டப் பேசுறது?

...

மாப்ள. டேய், உன்னைத்தான். அந்தப் பேப்பரு நேத்தையதுடா. எந்திரிச்சு இப்படிக் கட்டில்ல வந்து உக்காரு. ...இன்னும் கிட்ட வா. என் கால மட்டும் இடிச்சுராத!