கித்துல்மேட்டு நாகலெட்சுமி டீச்சரின் சத்தமான வகுப்பு

கூட்டத்தின் தலைவரும் கித்துல்மேட்டுத் தோட்டத்துப் பெரிய கிளாக்கருமான சிவசாமி அவர்களே! சற்று முன்னர் நீண்டதொரு புகழுரை ஆற்றிவிட்டு, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும், பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசியாக இருந்து ஓய்வுபெற்ற ஜெயரத்தினம் அவர்களே! ஆசிரிய நண்பர்களே! கொட்டகலைக் கடைவீதிப் பெரியோர்களே! வாசலுக்கு வெளியே, உட்கார இடம் தரப்படாமல், தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு தூறலில் நிற்கும் கித்துல்மேட்டுத் தாய்மாரே! என் வணக்கம் முதலில் உங்களுக்கு. மிச்சம் இருந்தால் மேடைக்கு.

என் பெயர் பேரின்பநாயகம். ஆறாங்கட்டைத் தோட்டப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலைக்கு வந்து பதினாறு வருடங்கள் ஆகின்றன. காலமான நாகலெட்சுமி டீச்சரின் பள்ளிக்கூடத்துக்கும் என்னுடையதற்கும் நடுவே மூன்று மைல் தூரம். ஐந்து நிமிடம் பேசு என்று தலைவர் சொன்னார். பதின்மூன்று வருடம் ஒரு பெண்ணை வாய் திறக்கவிடாதவர்கள், அவர் இறந்த பிறகு எனக்கு ஐந்து நிமிடம் தருகிறார்கள். எவ்வளவு தாராளம்!

வித்தியாதரிசி அவர்கள் சொன்னதைக் கேட்டீர்களா? "நாகலெட்சுமி டீச்சரின் வகுப்பு அமைதிக்கும் கட்டுப்பாட்டுக்கும் பேர்போன வகுப்பு" என்றார். அமைதியா? ஐயா, இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்வதென்றால் அவருக்குப் பொருந்துகிற பொய்யாகவாவது சொல்லக்கூடாதா? அந்த வகுப்பின் சத்தம் தேயிலை மலைக்குக் கேட்கும். பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் விழித்தன, அந்தச் சத்தத்தில்தான் தூங்கின. "இது பள்ளிக்கூடமோ, சந்தையோ?" என்று அவரை முகத்துக்கு நேரே கேட்டவர் யார்? இதே ஜெயரத்தினம் அவர்கள். பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிச் சிரித்தவர் யார்? இதே பேரின்பநாயகம். ஆகையால் நண்பர்களே, இன்று நான் யாரையாவது இகழ்ந்தால், அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

யார் இந்த நாகலெட்சுமி? லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில், கொழுந்து பறிக்கிற தாய்க்குப் பிறந்தவர். அட்டனில் விடுதியில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தவர். ஐம்பத்தோராம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், கித்துல்மேட்டுக்கு ஒரேயொரு ஆசிரியையாக வந்தார். ஒரே அறை. ஐந்து வகுப்புகள். எண்பது பிள்ளைகள். மேலே தகரம். மழை பிடித்தால் தன் குரல் தனக்கே கேட்காது. நாங்கள் எல்லாம் மழை பிடித்தால் என்ன செய்வோம்? "சும்மா இருங்கோ" என்று பிள்ளைகளை அதட்டிவிட்டு, பத்திரிகையை விரிப்போம். அவர் என்ன செய்தார் தெரியுமா? கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினார். எல்லாப் பிள்ளைகளும் விடையைச் சிலேட்டில் எழுத வேண்டும். மேசையை ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாச் சிலேட்டும் ஒன்றாக மேலே வரவேண்டும். ஒரு பார்வையில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். மழை விட்டது. அந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை.

என் வகுப்பில் நான் கேள்வி கேட்டால் முன் வாங்கில் இருக்கிற மூன்று பேர் கை தூக்குவார்கள். அந்த மூன்று பேருக்கும் தெரிந்தால் வகுப்புக்கே தெரியும் என்று எழுதிவிடுவேன். பின்னால் இருபது பேர் என்ன ஆனார்கள்? அது யாருக்குத் தேவை!

பிள்ளை ஒன்று தப்பாகக் கணக்குப் போட்டால் நாங்கள் பிரம்பை எடுத்தோம். அவர் சுண்ணக்கட்டியை எடுத்தார். அந்தத் தப்பை அப்படியே பலகையில் எழுதி, "இந்தக் கணக்கு எந்த எடத்துல வழி மாறிப் போச்சுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். "யாரு போட்டது டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். "பேரு எதுக்கு? தப்ப மட்டும் பாருங்க" என்பார். இரண்டு இரண்டு பேராகத் திரும்பி உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டும். அதுதான் அந்தச் சத்தம். அதைத்தான் நாங்கள் சந்தை என்றோம்.

காலையில் புத்தகத்தைத் திறக்கவிட மாட்டார். நேற்றுப் படித்ததில் ஒரு கேள்வி, போன கிழமை படித்ததில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. புத்தகம் பாராமல் எழுத வேண்டும். நான் ஒருநாள் கேட்டேன்: "என்ன பிள்ளை, முடிஞ்ச பாடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டு நேரத்தை வீணாக்கிறீர்?" அவர் சொன்னார்: "நம்ம சொல்லி முடிச்சுட்டோம் சார். பிள்ளைகளுக்கு அது முடியலையே."

நான் சிரித்தேன். விவரம் இல்லாதவனுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் வித்தியாதரிசி அவர்கள் பரிசோதனைக்கு வந்தார். ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பள்ளிக்கூடத்திலும் ஒரே கேள்வித்தாள். எனக்கு முதலே தகவல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், மேடையில் இருப்பவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். மூன்று நாள், காலையும் மாலையும், பிரம்பும் கையுமாக, பிள்ளைகளின் தலைக்குள் பாடத்தைத் திணித்தேன். என்னுடைய இருபத்தாறு பேரில் இருபத்து மூன்று பேர் தேறினார்கள். நாகலெட்சுமி டீச்சரின் பதினாறு பேரில் ஒன்பது பேர்தான். அவருக்கு ஒரு தகவலும் போகவில்லை. போயிருந்தாலும் அவர் திணித்திருக்க மாட்டார்.

வித்தியாதரிசி எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "பார்த்தீரோ பிள்ளை? உம்மட விளையாட்டின்ர பலன் இதுதான்."

நாகலெட்சுமி டீச்சர் அழவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றார். "இதே தாள மூணு மாசம் கழிச்சுக் கொண்டாங்க. சொல்லாமக் கொள்ளாம வாங்க. ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் குடுங்க. அப்பறம் எழுதுங்கய்யா அறிக்கைய."

நம்முடைய தலைவர் சிவசாமி அவர்கள் அன்று என்ன சொன்னார் என்பதை அவர் மறந்திருக்கலாம். "அடேங்கப்பா! இந்தம்மா ஐயாவுக்கே பரீட்ச வைக்கிறாங்க!" என்றார். எல்லோரும் சிரித்தோம். வித்தியாதரிசி, "வாறன், வந்து காட்டிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறிக்கையை மட்டும் அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டார்.

ஆனாலும் வந்தார். டீச்சரை மட்டந்தட்ட வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பெரிது! வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே தாளோடு வந்தார். என்னுடைய இருபத்தாறு பேரில் எத்தனை பேர் தேறினார்கள் தெரியுமா? ஏழு பேர். ஏழே ஏழு பேர்! மூன்று நாள் அடி வாங்கிப் படித்த பாடம் மூன்று மாதத்தில் எங்கே போயிற்று? அவருடைய பதினாறு பேரில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஆம், கூடியிருந்தது! என் பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்துகொண்டிருந்த மூன்று மாதத்தில், அந்தத் தகரக் கொட்டகையில் பாடம் வளர்ந்துகொண்டிருந்தது.

வித்தியாதரிசி விடைத்தாள்களை என் மேசையில் போட்டார். "அறிக்கை போயிட்டுது மாஸ்டர். இனி அதைக் கிண்டி என்ன பிரயோசனம்?" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "ஓம் ஐயா" என்றேன். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லுக்குப் பரிசாகத் தலைமையாசிரியர் பதவி வந்தது. கேடயம் வந்தது. இந்த மேடையில் நாற்காலி வந்தது.

இதோ அந்த விடைத்தாள்கள். ஏழு வருடம் என் அலமாரியில் கிடந்தன. தலைவர் அவர்களே, உங்கள் மேசைமேல் வைக்கிறேன். ஏன் நாற்காலியைப் பின்னால் இழுக்கிறீர்கள்? வெறும் காகிதம்தான். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதியது. கடிக்காது.

அந்த அறிக்கையால் என்ன நடந்தது? "ஒழுங்கும் தேர்ச்சியும் போதாது" என்று சொல்லி, கித்துல்மேட்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை மூடினார்கள். மேலே படிக்க விரும்பும் பிள்ளைகள் மூன்று மைல் நடந்து என்னிடம் வரவேண்டும் என்றார்கள். ஓடையைக் கடந்து, அட்டைக்கடியில், அந்தக் குளிரில் எந்தத் தாய் பெண்பிள்ளையை அனுப்புவாள்? பதினொரு பெண்பிள்ளைகள் நின்றுபோனார்கள். பெரிய கிளாக்கருக்கு அதில் வருத்தம் இல்லை. மலைக்குப் பதினொரு சோடிக் கை கூடக் கிடைத்தது அல்லவா!

டீச்சர் அந்தப் பதினொரு பேரையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு ஞாயிறு நடந்தது. மூன்றாம் ஞாயிறு கதவில் பூட்டுத் தொங்கியது. "தோட்டத்துச் சொத்து, லீவு நாளில் திறக்கக்கூடாது" என்று சாவியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார் நம் தலைவர். இன்று அதே வாயால் "கல்வித்தாய்" என்கிறார்!

அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், தோட்டத்துத் துரை நிற்கும்போது, ராக்காயி என்ற தாய் கூடையை இறக்கி வைத்தார். அதோ, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். "தொரைங்களே, எம்மக அம்மாக்கண்ணு ஆறு நாளும் ஒங்க மலையில நிக்கிறா. ஏழாம் நாளு அவளோடது. அந்தச் சாவியக் குடுக்கச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க எல்லாரும் ஞாயித்துக்கெழம கிளாக்கரய்யா வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்கிறோம். பிள்ளைக அங்கயே படிக்கட்டும்" என்றார்.

துரை தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். சாவி வரவில்லை. தாய்மார் சொன்னபடி போய் உட்கார்ந்தார்கள். டீச்சர் கரும்பலகையைக் கிளாக்கர் வீட்டு ரோசாச் செடிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துப் பின்னக் கணக்கு நடத்தினார். பதினொரு பிள்ளைகளும் ஒருவருக்கு ஒருவர் உரக்க விளக்கிச் சொன்னார்கள். கிளாக்கர் ஐயா ஒரு ஞாயிறு தாங்கினார். இரண்டு ஞாயிறு தாங்கினார். மூன்றாவது ஞாயிறு விடிந்ததும் சாவி தானாக நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தது!

எனக்கு எப்போது கண் திறந்தது? ஐம்பத்தொன்பதில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தபோது, அவருடைய மூன்றாம் வகுப்பை ஒரு கிழமை பார்க்கும்படி என்னை அனுப்பினார்கள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். யாரும் கை தூக்கவில்லை. மடப் பிள்ளைகள் என்று நினைத்து, விடையை நானே சொல்ல வாயெடுத்தேன். அப்போது முன்னால் இருந்த ஒரு சிறுமி எழுந்து, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க சார். யோசிச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு வருடம் ஆசிரியனாக இருந்தவன், நான் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளை யோசிப்பதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். சற்று நேரத்தில் ஒரு சிலேட்டு எழுந்தது. பிறகு ஐந்து, பிறகு வகுப்பு முழுவதும். நான் சொல்ல இருந்த விடையைவிட அவர்களில் இருவர் எழுதியது திருத்தமாக இருந்தது. வெட்கத்தோடு வீட்டுக்கு நடந்தேன். ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை. பதவி இருந்ததே! வெட்கம் அதற்குள் அடங்கிவிட்டது.

அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் போன வருடம் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். மூவர் சித்தியடைந்தார்கள். ராக்காயியின் மகள் அம்மாக்கண்ணு அவர்களில் ஒருத்தி. மற்றவர்கள் கொழுந்துதான் பறிக்கிறார்கள். அவர்களைத் திருப்பிக் கொண்டுவர எந்தப் புகழுரையாலும் முடியாது, ஜெயரத்தினம் ஐயா. உங்களுடையதாலும் முடியாது. என்னுடையதாலும் முடியாது.

ஆடி மழையில் டீச்சருக்கு நெஞ்சுச் சளி முற்றியது. முப்பத்தைந்து வயது. இறக்கும் வரைக்கும் அவர் தற்காலிக ஆசிரியைதான். ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தேன். வைகாசி விடைத்தாள்களைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், "எனக்குத் தெரியும் சார். பிள்ளைக வந்து சொன்னாங்க, நல்லா எழுதியிருக்கோம்னு. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இங்கே ஒரு தீர்மானம் வாசித்தார்கள். அவருடைய படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுவதாம். மாட்டுங்கள்! பேச முடியாத நாகலெட்சுமிதானே உங்களுக்கு வசதி!

நான் தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை. தலைமையாசிரியர் பதவி வேண்டாம் என்று நேற்றுக் கல்விக் கந்தோருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை, கித்துல்மேட்டில் நான்காம் ஐந்தாம் வகுப்புகளை நானும் அம்மாக்கண்ணுவும் திறக்கிறோம். யாருடைய ஆணைக்கும் காத்திருக்கப் போவதில்லை. கீழ்வகுப்புகளை நான் பார்ப்பேன். மேல்வகுப்புகளை அவள் நடத்துவாள், ஏனென்றால் அந்த முறையில் படித்தவள் அவள், நான் அல்ல. நான் பிழையாக நடத்தினால் திருத்தச் சொல்லியிருக்கிறேன். "கட்டாயம் திருத்துவேன் சார்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல்.

வாசலில் நிற்கும் தாய்மாரே, உங்கள் பெண்பிள்ளைகளை அனுப்புங்கள். நாகலெட்சுமி டீச்சரின் பெயரால், ஒரு பிள்ளையின் வாயையும் அடைக்க மாட்டேன் என்று உங்கள் முன்னால் உறுதி சொல்லுகிறேன்.

மேடையில் இருக்கும் பெரியவர்களே, திங்கட்கிழமை எட்டு மணிக்கு நாங்கள் அந்தத் தகரக் கொட்டகையில் இருப்போம். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்களோ, அங்கேயே இருப்பீர்கள்.